வால்வுக்குக் குல்லா

அலுவலகத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். வீட்டில் அந்தக் காதுக்குத் தீனி பழைய இசைத்தட்டுகள். ரெக்கார்டு பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். முள் எழுப்பும் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் இரண்டு கண்ணாடி வால்வுகள். தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடந்திருக்காது.

அந்தப் பெட்டி ஒரு மாதமாக உறுமிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே உறுமல்.

குற்றவாளியை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். மனைவியின் தையல் மெஷின். கடைகளுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள் அவள். கால்வலி தாங்காமல் அந்த மாதம்தான் மெஷினுக்கு மோட்டார் பொருத்தியிருந்தாள்.

“உன் மோட்டார்தான் கரண்ட்டைக் கெடுக்குது.”

“மெஷின் நிக்கும்போதும் உறுமுதேங்க?”

“கெட்ட கரண்ட் உடனே போயிடுமா? ஒயருக்குள்ளயே தங்கியிருக்கும்.”

ஒயருக்குள் வாடகைக்குக் குடியிருக்கிறதாக்கும்! மெஷின் வீட்டை விட்டுப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது போனால் அவள் தொழிலும் போய்விடும் என்பது மட்டும் அந்தப் பாம்புக்காதில் ஏறவில்லை. “சரி, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடறேன்” என்றாள் அவள். அவர் வெளியூர் வேலையை முடித்துத் திரும்பியபோது ஹால் மூலை காலியாக இருந்தது.

பெட்டி உறுமியது.

மெஷினும் போய், உறுமலும் போகவில்லை என்றால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்தார். வால்வுகளை இடம் மாற்றினார். உறுமியது. புது வால்வுகளைச் செருகினார். புது உறுமல். தோட்டத்துக் குழாய் பருமனுக்கு ஒயர் வாங்கி வைத்திருந்தார், அதையும் மாட்டினார். பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்ததில் மேஜை விரிப்பு ஓட்டையானதுதான் மிச்சம்.

கடைசியில் பென்சிலால் வால்வைத் தட்டிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். கை கிட்டே போனதுமே உறுமல் ஏறியது. எடுத்தால் இறங்கியது. நீட்டினார், ஏறியது. வெற்று வால்வு, சுற்றுப்புறத்து இரைச்சலையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு விழுங்கிக்கொண்டிருந்தது.

வெற்று வால்வு!

பெட்டி வந்தபோது ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு தகரக் குல்லா இருந்தது. குல்லா வால்வின் மூச்சை அடைக்கிறது, கழற்றினால் பாட்டுக்கு உயிர் வரும் என்று இணையத்தில் எவனோ ஒரு மேதாவி எழுதியிருந்தான். இவர் வரிந்துகட்டிக்கொண்டு கழற்றினார். இரைச்சல் அண்டாமல் காக்கத்தான் அந்தக் குல்லா என்று யோசிக்க இவருக்கு எங்கே நேரம்? அன்று மாலையே நண்பர்களைக் கூப்பிட்டு, “பாட்டுக்குள்ள காத்து வந்திருக்கு, கவனிச்சீங்களா?” என்று அளந்தார். அவர்களும் கவனித்ததாகச் சொல்லித் தொலைத்தார்கள். மோட்டார் வந்ததும் அதே வாரம்.

பெட்டியை அணைத்து, வால்வு ஆறும்வரை காத்திருந்து, திருகாணி டப்பாவில் கிடந்த குல்லாக்களைத் தேடி எடுத்து மாட்டினார். சுவிட்சைத் திரும்பப் போட்டார். உறுமல் இல்லை. சொட்டுக்கூட இல்லை.

வெட்கப்பட வேண்டிய மனுஷன் பூரித்துப்போனார். அதைவிடக் கேவலம், அடுத்து அவர் செய்தது. குல்லா கண்ணில் படாதபடி மூடியைத் திருகினார், டப்பாவை மேஜைக்கடியில் தள்ளினார், இசைத்தட்டைச் சுழலவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“கேளு. உறுமுதா?”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று கேட்டாள்.

“இல்லைங்க.”

“நான் அப்பவே சொல்லல? மெஷின் போச்சு, உறுமலும் போச்சு. கெட்ட கரண்ட் வடிய இத்தனை நாள் ஆச்சு, அவ்வளவுதான். என் காது பொய் சொல்லாது.”

“வேற எந்தச் சத்தமும் கேக்கலையா உங்களுக்கு?”

அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல. சுத்தம்.”

அவள் பின்னறைப் பக்கம் திரும்பினாள். “அடியே, கொஞ்சம் நிறுத்து.”

மூடிய கதவுக்குப் பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் அது ஓடியது அவருக்கு உறைத்தது.

“அது ஒரு நாள்கூட வீட்டை விட்டுப் போகலைங்க” என்றாள் மனைவி. “நீங்க வீட்ல இருக்கும்போதும் தங்கச்சி வந்து தைக்கிறா. இப்பவும் அதே கரண்ட்லதான் ஓடுது.”

பாம்புக்காதர் மேஜைக்கடியில் இருந்த டப்பாவைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

“அந்த ரூம்ல வெளிச்சம் பத்தல. மெஷினை மறுபடி ஹாலுக்கே கொண்டு வந்துடறோம். உங்க பெட்டியைத் தூக்கிட்டுப்போய் அங்க வச்சுக்குங்க.”

பின்னறையிலிருந்து மச்சினி குரல் கொடுத்தாள்: “அக்கா, ஓட்டவா?”

“மாமாவைக் கேளு” என்றாள் அவள். “அவருக்குத்தான் எல்லாம் கேக்கும்.”