தறி நின்ற நேரம்

1998இல் என் தம்பி அருள்குமார் வெள்ளகோவில் ரோட்டில் பைக் விபத்தில் இறந்தபோது, அம்மா கோவை ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். இப்போது சொன்னால் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவன் அவசரமாகப் போய்விட்டதாக அப்பா சொல்லிவைத்தார். வீட்டுக்கு வந்த அம்மா மாத்திரையைத் தொட மறுத்தாள்.

"பழனியாத்தா மவன் துபாயிலிருந்து கேசட்டுல பேசி அனுப்பறான். என்ற மவனுக்கு வாயில்லையா? அவன் குரலைக் கேட்டாத்தான் முழுங்குவேன்."

அருளின் குரல் அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்ட அன்று, சவுண்டு கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் பேசிப் பதிந்தது. அதைக் கேசட்டில் ஏற்றலாம் என்றார் அப்பா. ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் ஹெட்போன் குத்தும் ஓட்டை இருந்தது. அங்கிருந்து டேப் ரிக்கார்டருக்கு ஓர் ஒயர். குத்தியதும் ஸ்பீக்கர் அடங்கிவிட வேண்டும். ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மாவின் கட்டில்.

காலையில் வெறும் மணியோசை ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒயரைக் குத்தியும் ஸ்பீக்கர் அடங்கவில்லை. லினக்ஸில் ஒலியைக் குறைத்தால் கேசட்டிலும் குறைந்தது. அருள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது.

"நீ குத்துனதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதுக்கா. உள்ள ஒரு தகடு இருக்குது, அது நகந்தாத்தான் ஸ்பீக்கர் கட்டாகும். உன்னாட்டந்தான், குத்தாம நகராது."

டார்ச் அடித்தேன். ஓட்டைக்குள் பஞ்சு. தறி ஓடும் எங்கள் வீட்டில் சோற்றிலேயே பஞ்சு விழும். ஊசியால் எடுத்துவிட்டு, மறுபடி குத்தி மணியோசையை ஓடவிட்டேன். அதற்குள் கொட்டகையில் தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. அம்மாவின் அறை வாசல் வரை போய்விட்டு அப்பா திரும்பி வந்தார்.

"ஒரு சத்தமுமில்ல அம்மணி. வெய்யி."

தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அது ஓடுவதே எங்கள் காதில் விழாது.

பதிவு மங்கலாக இருந்ததால் ஒலியைக் கூட்டி, அருளின் பேச்சை ஓடவிட்டேன். அப்போது கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு... ரெண்டு... அம்மா, கேக்குதுங்களா?"

ஸ்பீக்கர் அடங்கியிருக்கவே இல்லை; தறிச் சத்தம்தான் அதை மூடியிருந்தது. பதற்றத்தில் ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கினால் அது பேசத்தானே செய்யும். "அம்மா, கேக்குதுங்களா?"

"கேக்குது சாமி," என்றாள் அம்மா, சுவருக்கு அப்பாலிருந்து. "எப்ப வந்தே?"

கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்து நடந்து வரும் வளையல் சத்தம். அப்பா வாசலை மறித்து நின்றார். அவர் தோளைத் தாண்டி அம்மா பார்த்தாள். நாற்காலியில் நான். மேசையில் டேப் ரிக்கார்டர், என் கையில் ஒயர். அவள் கை நெஞ்சுத் தையலுக்குப் போனது.

"அவன் போயி எத்தன நாளாச்சுங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரை விலக்கிவிட்டு உள்ளே வந்து, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாத்திரையைக் கொண்டா."

விழுங்கினாள்.

"கரண்ட் வந்தாலும் தறி ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க. இன்னொருக்கா வெய்யி கண்ணு."

கட்டளையைத் தட்டினேன். திரையை நான் பார்க்கவில்லை. ஏறி இறங்கும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.