பூனைக்கு நாற்பத்தொரு வீடு

கடலுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் கொடி பறக்கவிட்டிருக்கும் பெருமதிப்பு வாய்ந்த, டச்சுக்காரராகிய உலாந்தாக் கம்பெனியார், ஆலோசனைச் சபையில் மூன்று முறை கூடி அமர்ந்து, ஏகமனதாக எடுத்த முடிவைத் தெரிவிக்கலானார்கள். பழவேற்காட்டுக் கோட்டையின் நிழல் விழும் தூரத்திலும் அதற்கு அப்பாலும் வசிக்கின்ற மீனவரும் நெசவாளரும் வியாபாரியும் உழவரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது. கேட்டும் கேளாததுபோல் நடந்துகொள்வோர் கோட்டைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டியது.

முரசுக்காரன் இதை முதலில் பறங்கிப் பாஷையில் சொன்னான், யாருக்கும் புரியவில்லை. தெலுங்கில் சொன்னபோது பாதிப் பேருக்குப் புரிந்து பயம் வந்தது. தமிழில் சொல்லி முடித்தபோது எல்லாருக்கும் புரிந்தது. பூனை ஒன்றுக்கு வீடு வேண்டுமாம்.

மூன்றாம் கிடங்கின் பூனை அது. சாயத்துணிப் பொதிகளை எலி கடிக்காமல் பதினான்கு வருடம் காத்தது. இப்போது கம்பெனி தன் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிறது. பொதிகள் போயாயிற்று, மேசைகள் போயாயிற்று, துரைகளின் கட்டில்களையும் படகில் ஏற்றியாயிற்று. மூன்றாம் கிடங்கைப் பூட்டப்போகிறார்கள். பூனைக்கு இடது கண் வெள்ளை பூத்துவிட்டது. ஈறு வீங்கி எந்நேரமும் எச்சில் ஒழுகுகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, படுத்த இடத்திலேயே பெய்கிறது. கிடங்குத் துரை சாக்கும் கல்லும் கொண்டுவரச் சொன்னார். அவருடைய மனைவி, அந்த வருடத்தில் முதல்முறையாகக் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்த்தவள், பூனையைக் கண்டு அழுதுவிட்டாள். நல்ல வீடொன்றில் அது ஒப்படைக்கப்படுவதைத் தன் கண்ணால் பார்க்காமல் கப்பலேறமாட்டேன் என்றாள். கப்பல் புறப்பட இன்னும் எட்டு நாள். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் சாக்கு.

கிடங்கைப் பெருக்குகிறவள் குப்பம்மா. புருஷன் கடலோடு போய் நாலு வருடம் ஆகிறது. பூனையை நைனா என்று கூப்பிடுவாள். அவளைப் பெற்ற நைனாவும் இப்படித்தான், எதுவும் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் தன்னைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் இருப்பார். காலையில் பெருக்க வந்ததும் முதல் வேலையாக அதன் தாடையைப் பழந்துணியால் துடைப்பாள். கப்பல் ரொட்டித் துண்டைக் கஞ்சியில் ஊறவைத்து விரலால் ஊட்டுவாள். அது பாதியைத் தின்னும், பாதியை அவள் மடியில் சிந்தும். அப்புறம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அது இரவெல்லாம் பெய்து வைத்ததைக் கழுவுவாள். இதில் அன்பு எவ்வளவு, வேலை எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை. அவ்வளவு ஓய்வு அவளுக்கு இருந்ததும் இல்லை. பூனையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்றால், வேலைக்காரிகளைக் கோட்டை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

முரசு ஓய்ந்ததும் அவள்தான் முதலில் துபாஷி ஆதிநாராயணனிடம் போய் நின்றாள். துரைகளுக்கும் ஊருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது அவர் தொழில். இரண்டு பக்கத்துத் திமிரும் அவரிடம் சேர்ந்திருந்தது.

"ஐயா, நைனாவ நான் இட்டுனு போறேன்."

"எங்க?"

"ஊட்டுக்கு."

"ஓலையில நாலு பக்கம் கட்டி வெச்சிருக்கியே, அதுவா? சரி, அங்க ஆம்பிளை யாரு?"

"நைனாதான் ஆம்பிளை."

துபாஷி சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைத் தட்டினார். "வீட்டுத் தலைவன் கையிலதான் ஒப்படைக்கணும்னு எழுதியிருக்கு. பூனையையே தலைவன்னு எழுதி, அது கையிலயே அதை ஒப்படைக்கச் சொல்றியா? போ, போய்ப் பெருக்கு."

மறுநாள் முதல் ஊர்வலம் ஆரம்பித்தது. முன்னால் குடையோடு துபாஷி. பின்னால் கூடையில் பூனையோடு குப்பம்மா. உள்ளே தள்ளியிருக்கும் நெல் ஊர்களுக்கு முதலில் போனார்கள். களத்துமேட்டில் நின்ற ஒரு பெரிய விவசாயி கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எலி புடிக்குமா?"

"பதினாலு வருஷம் புடிச்சிருக்கு," என்றார் துபாஷி.

"இனிமே?"

இரண்டு பேரும் பூனையைப் பார்த்தார்கள். பூனை தும்மியது. ஊர்வலம் திரும்பியது.

மரைக்காயர் தெருவில் ஆமினா பீவியின் வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பூனை. பீவியம்மா திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"பூனைன்னா எனக்கு உசுரு, துபாஷி. ஆனா இதுகிட்ட அனுமதிச் சீட்டு இருக்குதா?"

"பூனைக்கு எதுக்கும்மா சீட்டு?"

"எங்க ஊட்டுக்காரரு கப்பலு கடல் தாண்டி அச்சைத் துறைமுகத்துக்குப் போவணும்னா உங்க தொரைகிட்ட சீட்டு வாங்கித்தான் போவணும். இல்லன்னா நடுக்கடல்ல மறிக்கிறாங்க. என் வாசப்படிக்கும் இனிமே சீட்டுதான். தொரை கையெழுத்தோட வாங்கியாரச் சொல்லுங்க."

ஆனாலும் ஒரு கிண்ணம் பால் கொடுத்தனுப்பினாள். நைனா இரண்டு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குப்பம்மா மிச்சத்தைக் குடித்தாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆறாம் நாள் துபாஷி ஊர்வலத்தை நிறுத்திவிட்டார். குப்பத்தின் நாட்டார் துளசிங்கத்தை வரச்சொன்னார். ஊர்ச் சண்டைகளைத் தீர்த்துவைப்பது துளசிங்கத்தின் பொறுப்பு. தீர்த்துவைக்கச் சண்டை இல்லாத நாளில் அவருக்கு உடம்பு சரியிருக்காது. கப்பலுக்கும் கரைக்கும் சரக்கேற்ற இனிமேல் எந்தக் குப்பத்துப் படகுகளைக் கூப்பிடலாம் என்று துரை யோசித்துக்கொண்டிருக்கிறார், என்று மட்டும் துபாஷி சொன்னார். வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வலை உலர்த்தும் மணல்திட்டில் ஊர் கூடியது. படகு வேலை வேண்டும், பூனை வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். யார் வீட்டில் என்று கேட்டபோது ஆளாளுக்கு ஏரியைப் பார்த்தார்கள். அப்போதுதான் துளசிங்கத்துக்கு அந்த யோசனை வந்தது.

ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் விழாது. நல்ல இடத்தை வல்லவன் பிடித்துக்கொள்ளாமலிருக்க, முறை வைத்து இறங்குவார்கள். இன்றைக்கு முகத்துவாரத்து ஓரம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் உள்ள வீட்டுக்கு ஒரு பாடு. ஆண் போனால் பாடும் போகும். அப்படிக் குப்பத்தில் நாற்பத்தொரு பாடு இருந்தது. குப்பம்மாவின் புருஷன் இருந்தவரை நாற்பத்திரண்டு.

"மீனுக்குப் பாடு வெச்சிக்கிறோம். பூனைக்கும் வெச்சிடலாம்," என்றார் துளசிங்கம். "ஊட்டுக்கு ஒரு நாளு. யாருக்கும் பாரம் இல்ல."

இவ்வளவு நியாயமான ஒன்றை இதுவரை யாரும் சொன்னதில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. பிறகு பூனைக்கு என்ன போடுவது என்று பேச ஆரம்பித்தார்கள். பொழுது சாயும்வரை அது நடந்தது. கெளுத்தியில் முள். இறால் சூடு. நண்டு என்று சொன்னவனை உட்காரச் சொன்னார்கள்.

ஓரத்தில் கூடையோடு நின்ற குப்பம்மா வாயெடுத்தாள். "நாட்டாரே, அது வந்து..."

"கூட்டத்துல பொம்பளைங்க பேசறதில்ல, குப்பம்மா. உனுக்குத் தெரியாததா?"

ஒரு முறைக்கு இரண்டு மடவை மீன், முள் நீக்கி, என்று முடிவானது. துபாஷி அதைக் காகிதத்தில் எழுதினார். எந்த வீட்டின் முறையில் பூனை இறக்கிறதோ, அந்த வீட்டுத் தலைவன் கோட்டைக்கு வந்து காரணம் சொல்லவேண்டும் என்று துரையின் விருப்பப்படி கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரியை வாசித்தபோது ஊர் கொஞ்சம் நெளிந்தது. போன வருடம் படகு கவிழ்ந்ததற்குக் காரணம் சொல்லப் போன சின்னதம்பியின் மச்சான் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினான். ஆனால் நாற்பத்தொன்றில் ஒரு நாள்தானே, நம் முறையிலா சாகப்போகிறது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டான்.

ஒப்படைப்பு கோட்டை வாசலில் நடந்தது. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு பூனையைத் துளசிங்கத்தின் கையில் கொடுத்தாள். அது அவருடைய புது வேட்டியில் பெய்தது. இந்த ஊரில் இது ஒரு மரியாதை போலும் என்று அவள் தலையசைத்தாள். மறுநாள் கப்பல் போய்விட்டது. அதற்கடுத்த நாள் மூன்றாம் கிடங்கைப் பூட்டினார்கள். குப்பம்மா துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

முதல் முறை சின்னதம்பி வீடு. காலையில் வந்த பூனை, வலையின் மேல் படுத்தது, வலையின் மேல் பெய்தது. உச்சிவேளைக்குள் சின்னதம்பியின் பெண்சாதி திரௌபதி அதைத் தூக்கிக்கொண்டு குப்பம்மாவின் குடிசைக்கு வந்துவிட்டாள்.

"இந்தா குப்பம்மா, ஒரு பொழுது வெச்சிக்க. ஆம்பிளைங்களுக்குத் தெரிய வாணாம். மடவை ரெண்டு கீது, புடி. இன்னா நாத்தம்டி இது!"

இரண்டாம் வீட்டுக்காரி தன் வீட்டில் அரைநாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வீட்டிலிருந்து மடவை மட்டும் வந்தது, பூனை நகரவே இல்லை. ஒரு வாரத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. காகிதத்தில் நாற்பத்தொரு வீட்டில் வாழ்ந்த பூனை, குப்பம்மாவின் புருஷனுடைய பழைய மீன்கூடையில் சுருண்டு கிடந்தது. குப்பம்மா விடிந்ததும் ஏரிச் சேற்றில் இறங்கிச் சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல் பொறுக்கப் போவாள். திரும்பி வந்து தாடையைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, கூடையைக் கழுவுவாள். கிடங்கில் செய்த அதே வேலை. ஆனால் இங்கே தடவிப் பார்க்க வாசலில் ஆளில்லை. உட்காரும்போது அது மெல்ல எழுந்து வந்து அவள் காலோடு முதுகை ஒட்டிவைத்துக்கொள்ளும். முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சும் அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அப்படியே களைத்துக் கிடப்பார்கள்.

இருபத்துமூன்றாம் நாள், முழங்கால்வரை சேற்றோடு அவள் வந்தபோது, நைனா கூடையில் தலையை வெளியே தொங்கப்போட்டுக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். சேற்றுக் கையோடு கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல் தாடையைத் துடைத்துவிட்டாள். குடிசைக்குப் பின்னால் தாழங்காட்டோரம் மணலைப் பறித்துப் புதைத்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் நாட்டார் வீட்டுக்குப் போனாள்.

"நைனா பூட்டாரு."

துளசிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு யாரு மொறை?"

"உங்க மொறைதான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "என் மொறையில சாவக்கூடாதே. நல்லாப் பாத்தியா? மயக்கமா இருக்கப்போவுது."

"பொதைச்சிட்டேன்."

"யாரக் கேட்டுப் பொதைச்ச?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணு பண்ணு. நாளைக்குச் சாவட்டும்."

நாளைக்கு அடுத்த வீட்டுக்காரனின் முறை. அவனும் தன் முறையில் சாக விடவில்லை. அதற்கடுத்தவன் அவளைக் கண்டதும் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டான். துபாஷியிடம் போனாள். பூனை செத்தது என்று எழுதினால் எப்படிச் செத்தது, யார் பார்த்தது, யார் அனுமதித்தது என்று மூன்று கடிதம் வரும் என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பூனை சுகம் என்று எழுதி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஆக, பூனை சாகவில்லை. சாகாத பூனைக்கு மீன் போட்டாகவேண்டும். முதலில் எவன் நிறுத்துகிறானோ, அவன் முறையில் பூனை செத்ததாக ஆகிவிடும். அதனால் நாற்பத்தொரு வீடும் தினம் ஒன்றாக, முள் நீக்கி, இரண்டு மடவை அனுப்பிக்கொண்டே இருந்தது. மழைக்காலம் வந்தது, போனது. ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கியது. மீன் படாத நாளில், அடுத்த வீட்டில் கடன் கேட்டாவது அனுப்பினார்கள்.

எட்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. துபாஷி அதை மணல்திட்டில் ஊருக்கு வாசித்தார். பழைய கயிறு எத்தனை பாரம் இருக்கிறது, விளக்கெண்ணெய் மிச்சம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துபாஷி தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள். நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடியும் சின்னதம்பி வீட்டு முறை. திரௌபதி மடவையோடு வந்து வாசலில் நின்றாள்.

"நைனா எப்டிக்கீறாரு?"

"கீறாரு."

"கஞ்சி கிஞ்சி குடிக்கிறாரா?"

"குடிக்கிறாரு."

திரௌபதியின் பார்வை தாழங்காட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள். குப்பம்மா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினாள். கூடை அதே மூலையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டு மடவையையும் சட்டியில் போட்டாள். காலோடு ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லாததால் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. பூனைக்குப் பாடு வைத்த அன்றைக்குக் கூட்டத்தில் அவள் சொல்ல வாயெடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

நைனா மீன் தின்னாது.