மூச்சை அடக்கிய பிள்ளை

ஊசி இல்லை, ரத்தம் இல்லை, சும்மா மூச்சு விட்டால் போதுமாம். இந்தக் கூத்துக்கா வேலையைப் போட்டுவிட்டு வந்தோம் என்று கல்லறுக்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் பல்லை இளிக்கும் யானைப் படங்கள். மேசைமேல் ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிய குழாய். சோதனை செய்கிற பெண் அவன் நாலு வயது மகளின் மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயைக் கவ்வக் கொடுத்தாள்.

"கன்னத்த ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிங்கண்ணே. உப்புனா கணக்கு தப்பிடும்."

பிடித்தான். அவன் கைக் காய்ப்பு உறுத்தி பிள்ளை முகம் சுளித்தது. பெட்டி பம்மென்று அதிர ஆரம்பித்ததும் மூச்சை அடக்கிக்கொண்டது. கண் பிதுங்க, பெட்டி நிற்கும்வரை அடக்கியது. மறுபடி வைத்தாலும் அதே கதை.

"இன்னிக்குக் கணக்கு வரலன்னா அடுத்த மாசந்தான். இது தெரியாம டாக்டர் மருந்த மாத்த மாட்டாரு."

அடுத்த மாதம்வரை ராத்திரியெல்லாம் பிள்ளையின் மூச்சிழுப்பைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

"வீட்ல நல்லாத்தாம்மா விடுது. உங்க பொட்டியப் பாத்தாத்தான் விட மாட்டேங்குது."

"வீட்ல நல்லா விட்டா இங்க எதுக்குண்ணே வந்தீங்க?"

பிள்ளை குழாயைத் துப்பியது. "மெஷின் ஓடுதுல்லப்பா."

வீட்டை ஒட்டித்தான் பட்டறை. அறுப்பு மெஷின் பம்மென்றால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடு என்று, நடக்கப் பழகியதிலிருந்து முதுகில் அடி வைத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பெரிய கெட்டிக்காரன். தூசியை அடைக்க வக்கில்லை, பிள்ளையின் மூச்சை அடைக்கத் தெரிந்தது.

"இது வேற மெஷின்டா. தூசி வராது."

"பொய்."

"நீங்க ஊதிக் காட்டுங்கண்ணே," என்று அந்தப் பெண் வேறு குழாய் மாட்டினாள்.

இளக்காரமாகக் கவ்வினான். பிள்ளை எக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அவன் கன்னத்தை அமுக்கியது. பெட்டி அதிர்ந்தது. இழுத்தான், விட்டான். பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னவாம் உங்க பொட்டி? நான் தேறலையா?"

"முதல்ல பாப்பாவ முடிப்போம்ணே. அப்புறம் டாக்டர நீங்களும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

பிள்ளை தானாகவே குழாயைக் கவ்வியது. பெட்டி பம்மென்றது. அவன் உள்ளங்கைக்கடியில் அந்தச் சின்னக் கன்னங்கள் பட்டறைச் சுவர்போல அதிர்ந்தன. பிள்ளை மூச்சு விட்டது. விட்டுக்கொண்டே அவன் வாயையே முறைத்துப் பார்த்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.