விளிம்பில் ஒரு கரும்புள்ளி

சூரிய வானிலை அலுவலகத்தில் சூரியனின் காந்தப் புலத்தைக் காட்டும் படத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. சூரியனின் விளிம்பில் ஒரு கரும்புள்ளிக் கூட்டம். அதில் வடமுனையும் தென்முனையும் உரசிக்கொண்டு நின்றன.

கீழே கொதிக்கும் வாயு காந்தப் புலத்தின் கால்களை எதிரெதிராக இழுக்கும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி புலம் முறுக்கேறும், அதனூடே மின்னோட்டமும் பெருகும். ஒரு கட்டத்தில் தாங்காமல் புலம் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது, அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெடிக்கும். எட்டே நிமிடத்தில் அதன் கதிர் இங்கே வந்து, பூமியில் பகலாக இருக்கும் பக்கத்தில், கடல் தாண்டும் விமானிகள் பேசுகிற நெடுந்தூர வானொலியை ஊமையாக்கிவிடும். வெடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் பிழைப்பு.

விளிம்பில்தான் வம்பு. அங்கே புள்ளி சரிந்து தெரிவதால் கருவி வடக்கைத் தெற்கென்று காட்டும், இல்லாத முறுக்கும் இருப்பதுபோலத் தெரியும். போன மாதம் இரண்டு தடவை அதை நம்பி எச்சரிக்கை கொடுத்து மூக்குடைபட்டாள். தீவுகளுக்குச் சிறுவிமானம் ஓட்டும் அவள் தம்பி இரண்டு நாளும் கிளம்பாமல் கிடந்தான். "அக்கா, உன் சூரியன் நல்லாப் புளுகுது" என்று இன்னமும் கிண்டலடிக்கிறான்.

இன்றைக்கும் அவன் கடல் தாண்ட வேண்டும்.

"என்னம்மா, மறுபடியும் எச்சரிக்கையா?" என்றார் மேலதிகாரி, தலை நிமிராமலே.

"இல்ல சார். விளிம்புக் கோளாறுதான்."

புலம் நிஜமாகவே முறுக்கியிருக்கிறதா என்று வேறொரு படத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். அரை மணி பிடிக்கும். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொரு தடவை சிரிப்பார்களே என்ற பயமும் இருந்தது.

பதினொன்றேகாலுக்குத் திரையில் சூரியனின் எக்ஸ்ரே அளவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. வெடித்துவிட்டது. பதறிப்போய் விமான நிலையத்துக்குப் போன் போட்டாள். தம்பி கிளம்பி நாற்பது நிமிடமாகிறது, வானொலியில் அவன் குரலே இல்லை என்றார்கள். தீவில் பேய்மழை, அவனைத் திரும்பி வரச் சொல்லவும் வழியில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவனே போனில் வந்தான்.

"மழைன்னு சொல்லக்கூட ஆளில்லக்கா. ஒண்ணுமே தெரியல. எப்படியோ இறங்கிட்டேன்."

அவள் அழுதுவிட்டாள். "அந்த ரெண்டு தடவைக்கப்புறம் என்னை நீ நம்பறதே இல்லையே. இன்னிக்கு நான் சொல்லியிருந்தாலும் நீ பாட்டுக்குக் கிளம்பியிருப்பேன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா?" அவன் குரல் களைத்திருந்தது. "உன் அறிக்கையைப் பார்க்காம நான் ஒரு நாளும் விமானத்துல ஏறினதில்ல. இன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லல. அதான் கிளம்பினேன்."