நாளொன்றுக்கு மூன்று அங்குலம்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குத் தையற்காரரின் வீடு உள்பக்கமாக வளரத் தொடங்கியது. வெளியே ஓர் அங்குலமும் மாறவில்லை. முன்னால் தெரு இருந்த இடத்தில் தெரு இருந்தது, பின்னால் சலவைக்காரரின் சுவர் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. முன்பக்கம் அவருடைய தையல் மெஷினுக்கும் பின்பக்கம் அவர் மனைவியின் அடுப்பு மேசைக்கும் நடுவே மட்டும் தரை நீண்டுகொண்டிருந்தது. புதிதாக வந்த தரையும் பழைய தரையைப் போலவே தேய்ந்து, ஆங்காங்கே நூல் துணுக்கு ஒட்டியபடியே வந்தது. அதனால் எது எப்போது வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

காரணம் வீட்டில் மூவருக்கும் தெரியும். தையற்காரரின் மனைவி ஒரு நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு மூன்று முறை பரீட்சை எழுதி, மூன்றாவது முறை தேறியிருந்தார். வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். அளவு நோட்டு கைக்கு எட்டவில்லை. எட்டிய காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு குண்டு மனிதரின் மார்பளவையும் தோளளவையும் குறித்து, அவர் கொடுத்த கோட்டுத் துணியோடு குண்டூசியால் குத்தி வைத்தார் தையற்காரர். கோட்டு தைத்து முடிய ஐந்து வாரம் ஆனது. "உங்க துண்டுச்சீட்டு ஒண்ணு பையிலயே வந்துருச்சுங்க" என்று குண்டு மனிதர் நல்ல மனதோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது தையற்காரரின் மனைவி கையில். தேதி முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவர் அழவில்லை, பாத்திரம் எதையும் எறியவில்லை. "இனிமே என் கிட்ட வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது மணி ஆறு.

தையற்காரர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். பதினைந்து வருடக் குடித்தனத்தில் மனைவி சொன்ன ஒரு சொல்லையும் அவர் தட்டியதில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் வந்த கஷ்டமே. அவர் கிட்டப் போகவில்லை. காலையும் மாலையும் மனைவி "டீ" என்று ஒரே ஒரு சொல் சொல்லி, டம்ளரை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். தையற்காரர் வந்து குடித்துவிட்டுப் போவார். சாப்பாட்டுக்கும் அதே முறை. அந்த ஒரு சொல்தான் இருவருக்கும் நடுவே மிச்சமிருந்தது.

இதையெல்லாம் சமன்பாடாக எழுதியது அவர்களுடைய மகள். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு எடுத்தவரை எல்லாரும் எக்ஸ் டீச்சர் என்பார்கள். பால்காரரிடம்கூட எத்தனை லிட்டர் வேண்டும் என்பதை முதலில் x என்று வைத்துக்கொள்பவர். நேரியல் சமன்பாடு தொடங்கிய வாரம், வீட்டில் சீராகக் கூடுகிற அல்லது குறைகிற ஒன்றை அளந்து எழுதி வரச் சொன்னார். ஒருத்தி மெழுகுவர்த்தி எரிவதை எழுதினாள். ஒருத்தி தொட்டியில் தண்ணீர் நிறைவதை எழுதினாள். முடிதிருத்துபவரின் மகள் தன் கூந்தலை அளந்துவிட்டு, நடுவில் அப்பா வெட்டிவிட்டதால் சமன்பாடு கெட்டுவிட்டது என்று கோபித்துக்கொண்டாள். தையற்காரரின் மகள் பத்து நாள் அளவை அட்டவணையாகக் கொண்டுவந்தாள். x என்பது நாள், y என்பது அப்பாவின் மெஷினிலிருந்து அம்மாவின் அடுப்புவரை உள்ள தூரம், அங்குலத்தில். y = 3x + 120.

டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார், வரைபடம் போட்டார். பத்துப் புள்ளியும் ஒரே கோட்டில் பிசகாமல் உட்கார்ந்தன. இவ்வளவு சுத்தமான கோட்டைத் தன் இருபத்திரண்டு வருட வேலையில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். வகுப்பு கைதட்டியது.

"டீச்சர், இது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள் மகள்.

"எது?"

"இந்தக் கோடு."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், கரும்பலகையின் ஓரத்தைப் பார்த்தார். "கோட்டுக்கு நிக்கத் தெரியாதும்மா" என்றார். பிறகுதான் அவருக்கு y என்றால் என்ன என்பது உறைத்தது. அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்து அளவு நாடாவோடு தையற்காரரின் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் தூரம் அப்போதே பன்னிரண்டு அடியைத் தாண்டியிருந்தது. டீச்சர் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் மகள் சொன்னதைவிட இரண்டு அங்குலம் குறைவாக வந்தது. மகளின் முகத்தில் பத்து நாளில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. கணக்கு தப்பு என்றால் வீடு வளர்வதும் தப்பாக இருக்கலாம் அல்லவா? காரணத்தைத் தையற்காரரே கண்டுபிடித்தார். அந்த வீட்டில் எதை அளந்தாலும் தையலுக்கு விட இரண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுவார்கள். மகள் பேசப் பழகிய நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், அளந்த பத்து நாளும் கை தன்னால் கூட்டிவிட்டது.

"அப்ப எல்லாமே தப்பா டீச்சர்?"

"மாறிலி மட்டும் தப்பு. நூத்தி இருபது இல்ல, நூத்திப் பதினெட்டு. கோடு ரெண்டு இஞ்ச் கீழ இறங்கும், அவ்வளவுதான். சாய்வு அப்படியேதான் இருக்கும். மூணு மூணுதான்." டீச்சர் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. தையற்காரரின் மனைவி அவருக்கு டீ கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மாதங்கள் போயின. நடுவே பல்பு ஒன்று போதாமல் இரண்டு போட்டார்கள், பிறகு நான்கு. பெருக்க எடுக்கும் நேரம் கூடியது. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் வெளியே முப்பது அடி, உள்ளே ஐம்பத்தெட்டு அடி என்று அளந்து, இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டார். எந்த நாளில் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் மகள் நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். பள்ளியில் அவளுக்கு 'இஞ்ச் டேப்' என்று பெயர் விழுந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. எதையும் செய்ய முடியவில்லை.

அவளுக்கு ஒரு நாள் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் "டீ" அப்பாவுக்குக் கேட்காமல் போகும் நாள். அம்மாவைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துவந்து நிறுத்தி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடச் சொன்னாள். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் அம்மா. ஆனாலும் கூப்பிட்டார். வகுப்பு முழுதும் அடி அடியாகப் பின்னால் நகர்ந்து கேட்டது. எழுபத்தைந்து அடிவரை கேட்டது. எழுபத்தாறாவது அடியில் உதடு மட்டும் அசைந்தது. எழுபத்தைந்து அடி என்றால் தொள்ளாயிரம் அங்குலம். அவளுடைய பழைய சமன்பாட்டில் போட்டால் சரியாக இருநூற்று அறுபதாம் நாள் வந்தது. திருத்திய சமன்பாட்டில் போட்டால் இருநூற்று அறுபதும் மூன்றில் இரண்டு பங்கும் வந்தது.

"ரெண்டு இஞ்ச் உனக்குப் பதினாறு மணி நேரம் கொடுத்திருக்கு" என்றார் எக்ஸ் டீச்சர். ஆறுதலாகச் சொல்ல அவருக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

மகள் அம்மாவிடம் போனாள். "கொஞ்சம் சத்தமா கூப்பிடேன்மா."

"கத்திக் கூப்பிடுற அளவுக்கு உங்கப்பா எனக்கு ஒண்ணும் செஞ்சுடல."

"அப்ப மேசைய தினம் மூணு இஞ்ச் முன்னால தள்ளிக்கலாம்ல? தூரம் கூடாது."

"நான் எதுக்கு நகரணும்? லெட்டர் பின்னாடி மாரளவு எழுதினது நானா?"

அப்பாவிடம் போனாள். "நான் வந்து கூப்பிட்டா டீ குடிக்க வருவீங்களாப்பா?"

"நீ கூப்பிட்டா நீ கூப்பிட்டதாத்தானே பாப்பா ஆகும்? அவ கூப்பிடாம நான் எப்படிப் போறது?"

"மெஷினையாவது தள்ளுங்களேன்."

"நாலு காலும் தரையில நட்டு போட்டு முடுக்கியிருக்கு. எங்கப்பா முடுக்கினது" என்றார் தையற்காரர். பிறகு தாழ்ந்த குரலில், "கிட்ட வராதீங்கன்னுதானே சொன்னா" என்றார்.

இருநூற்று அறுபதாம் நாள் மாலை ஆறு மணிக்குத் தூரம் தொள்ளாயிரத்துக்கு இரண்டு அங்குலம் குறைவு. "நாளைக்குக் காலையில பத்து மணி" என்று மகள் முன்பக்கம் ஒரு தடவையும் பின்பக்கம் ஒரு தடவையும் சொன்னாள். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. நீண்டு கிடந்த அறையின் நடுவில் நாற்காலி போட்டு, யார் பக்கமும் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்பதரைக்கு மெஷின் ஓடும் சத்தம் நின்றது. பிறகு திருகுச் சாவியின் சத்தம். துருப்பிடித்த நட்டு ஒன்று கிறீச்சென்று கழன்றது. இரண்டாவது கழல வெகுநேரம் எடுத்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, தையற்காரர் மெஷினை வீட்டின் உள்பக்கமாக மூன்று அங்குலம் தள்ளினார். அதற்குமேல் ஓர் அங்குலம்கூட இல்லை. ஒரு நாளில் மனைவியின் அடுப்பு விலகிப்போன அளவுக்குத்தான் அவர் போனார், அதற்குப் பெயர் கிட்டப் போவது ஆகாது என்று அவர் மனதில் ஒரு கணக்கு.

பின்பக்கம் ஸ்டூலில் டம்ளர் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு, "டீ" என்று கேட்டது. அதோடு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு சொல்லும் கேட்டது. "ஆறுது."

அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் மூன்று அங்குலம் தள்ளினார். வீடு வளர்ந்துகொண்டேதான் இருந்தது, தூரம் மட்டும் எழுபத்தைந்து அடியைத் தாண்டவில்லை. மகள் பேராசைப்பட்டு ஆறு அங்குலம் தள்ளச் சொன்னாள். அவர் ஆறு தள்ளிய நாட்களில் வீடும் ஆறு வளர்ந்தது. ஒன்பது தள்ளினால் ஒன்பது. எக்ஸ் டீச்சரிடம் கேட்டதற்கு அவர் கரும்பலகையில் படுக்கையாக ஒரு கோடு போட்டு, "இதுவும் நேர்கோடுதான்மா" என்றார். வாடிக்கையாளர்கள் வாசலிலிருந்து மெஷினுக்கு நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. "அளவு கொடுக்க வர்றதுக்குள்ள இடுப்பு ரெண்டு இஞ்ச் இளைச்சுடுதுப்பா" என்று குண்டு மனிதர் குறைப்பட்டுக்கொண்டார், ஆனாலும் வேறு கடைக்குப் போகவில்லை. தையற்காரர் கடந்துவந்த தரையில், நட்டு போட்ட ஓட்டைகள் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக, நூலோட்டிய தையல்போல வாசல்வரை தெரிந்தன.

மகள் படித்து முடித்து, நில அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, திருமணமாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கே நிலத்தை அளந்தால் இரண்டு அங்குலம் கூட்டாமல் எழுத அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. ஒருமுறை அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். தகவல் எட்டாவது நாள்தான் கிடைத்தது. ஏழு நாள் மெஷினைத் தள்ள ஆளில்லை. ஏழு மூன்று இருபத்தொன்று என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். எழுபத்தைந்து அடியைத் தாண்டி இருபத்தொரு அங்குலம். இனி எப்படிக் கூப்பிட்டும் பயனில்லை என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்ததும் நாடாவை எடுத்து, மெஷினிலிருந்து அடுப்புவரை குனிந்து குனிந்து அளந்தாள். எழுபத்தைந்து அடிதான் வந்தது. நம்பாமல் திரும்ப அளந்தாள். அதேதான்.

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இத்தனை வருடமாகப் புகை படிந்த கறுப்பு வட்டம், மேசையை விட்டுத் தனியாகப் பின்னால் நின்றது. மகள் அதற்கும் மேசைக்கும் நடுவே நாடாவை வைத்துப் பார்த்தாள். இருபத்தொன்று. கை பழக்கத்தில் கூட்டப் போன இரண்டைக் கூட்டாமல் நிறுத்திக்கொண்டாள்.

"என்னடி அங்க அளந்துக்கிட்டு நிக்கிற? தள்ளு" என்றார் அம்மா. கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஸ்டூலில் வைத்தார். எப்போதும் கூப்பிடுகிற அதே குரலில், காய்ச்சல்காரர் எழுந்து வரும்வரை இரண்டு தடவை கூப்பிட்டார்.

காய்ச்சல் விட்டதும் தையற்காரர் மறுபடி மெஷினைத் தள்ளத் தொடங்கினார், மேசை நின்ற இடத்தில் நின்றது. வீடு இன்றும் நாளொன்றுக்கு மூன்று அங்குலம் வளர்கிறது. பல்பு இப்போது இருபத்தாறு.