ஊதாக் கோட்டு

கண்டி மாநகர சபையில் முறைப்பாட்டு மேசை என்னுடையது. அடைத்த சாக்கடைக் கான், குரைக்கும் நாய், பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் என்று நாள் முழுக்க ஊர்ப் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்தால் மனிதர்களைக் கண்டாலே பிடிக்காது. அதனால்தான் இரண்டு அங்குல மனிதர்களோடு சகவாசம். பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்களை வாங்கி, கையிலிருக்கும் துவக்கை வெட்டிக் குடையாக்கி, பழைய துப்பறியும் கதை ஆட்களாக மாற்றி வர்ணம் பூசுவேன். அவர்கள் வாய் திறப்பதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

குண்டசாலை திருச்செல்வம் ஐயா டெலிபோனில்தான் பொம்மை கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர். இளமையில் வாரப் பத்திரிகை ஒன்றில் ‘துப்பறியும் தம்பிமுத்தர்’ என்று தொடர்கதை எழுதியவர். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தது மனைவி பாலாம்பிகை. இப்போது அந்த அம்மாவுக்கு ஞாபகம் தவறிவிட்டது. ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை; புருஷனையும் அடையாளம் தெரியவில்லை.

“தம்பிமுத்தரைக் கண்டால் என்னையும் ஞாபகம் வருமெண்டு ஒரு ஆசை, தம்பி. வழுக்கைத் தலை, கக்கத்தில குடை, ஊதாக் கோட்டு. கோட்டுத்தான் முக்கியம். அந்த நிறத்தைச் சொன்னதே அவதான்.”

“செஞ்சிரலாங்க,” என்றேன். களைப்பில் வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இரும்புத் தொப்பியை உரசி வழுக்கையாக்கவே ஒரு நாள் பிடித்தது. கோட்டின் மடிப்புகளுக்கு வர்ணம் ஏற்றுவதற்குள் கழுத்து வலி உயிரை எடுத்தது. ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா காகிதத்தைப் பிரித்தார். முகம் வாடிவிட்டது.

“தம்பி, இது நீலமெல்லோ?”

“ஊதாதானேங்க கேட்டீங்க?”

“ஊதா எண்டால் நாவல்பழ நிறம், தம்பி.”

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அம்மாவுக்கு வானம் ஊதா, பேனா மை ஊதா, என் பள்ளிக்கூடக் காற்சட்டை ஊதா. ஆபீசில் நீலம் என்று எழுதுகிறவன்தான் நான். ஆனால் ஊதா என்று காதில் விழுந்தால் அது அம்மாவின் ஊதாதான். கத்தரிப்பூ கலரை இவர் ஊதா என்பார் என்று யார் கண்டது? வெட்கமாக இருந்தது, அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அதற்குள் கதிரையில் உட்கார்ந்திருந்த பாலாம்பிகை அம்மா அதை வாங்கிக்கொண்டார்.

“இதார்?”

ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“தம்பிமுத்தர்,” என்றார் ஐயா.

“பிழை. அவற்ற கோட்டு ஊதா.”

ஐயா கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தார். “ஓம், ஓம், ஊதாத்தான். அப்ப நான் ஆர்? சொல்லும் பாப்பம்.”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீ தையல்காரன். பிழையான துணியில தைச்சுப் போட்டாய்.”

தப்பு என்னுடையது, ஏச்சு அவருக்கு. நான் வாயைத் திறந்தேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஓம் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மாத்தித் தைச்சுக்கொண்டு வாறன்.”

“கெதியாக் கொண்டு வா,” என்று அம்மா வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என்ர மனுசன் வந்து கண்டால் கவலைப்படுவார்.”