எனக் கொள்க

என் தம்பி எதையும் 'வெச்சுக்க' மாட்டான். மூன்றாம் வகுப்பில் டீச்சர், "உன்கிட்ட பத்து பழம் இருக்குன்னு வெச்சுக்கோ, நாலை அண்ணனுக்குக் குடுத்துட்டே..." என்று ஆரம்பித்ததும், "எனக்கு அண்ணனே இல்லையே டீச்சர், அக்காதான்" என்று எழுந்து நின்றவன். சந்தேகப் பிராணி என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான். கூப்பிட வசதியாக, பிராணி.

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே துறையில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்ததுதான் வேடிக்கை. கணக்கீட்டுக் கணிதப் பொறியியல். பாலம் காற்றில் எப்படி ஆடும், ரத்தம் குழாயில் எப்படி ஓடும் என்பதையெல்லாம் கட்டியும் பார்க்காமல் வெட்டியும் பார்க்காமல், சமன்பாடாக்கிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற படிப்பு. அவன் முதலில் சேர்ந்தான். நான் வேலைக்குப் போய், மேலதிகாரியோடு சண்டை போட்டு, அடுத்த ஆண்டு வந்தேன். தம்பிக்கு ஜூனியரான அக்கா உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

பட்டம் என்பது சும்மா இல்லை. ஆய்வேட்டை மூன்று பேராசிரியர்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், எல்லார் முன்னாலும் நின்று வாதாட வேண்டும். அதெல்லாம் பிறகு. முதல் வருட முடிவிலேயே ஆறு தாள் தகுதித் தேர்வு இருக்கிறது. ஒரு தாளில் தவறினால் இன்னொரு முறை எழுதலாம். அதிலும் தவறினால், முதுகலைப் பட்டத்தைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார்கள். பிராணி ஐந்து தாள்களில் தேறிவிட்டு, மேட்ரிக்ஸ் தாளில் தவறினான். தெரியாமல் இல்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் நிரூபித்துக்கொண்டிருந்தான், மணி அடித்துவிட்டது.

அடுத்த வருடம், எனக்கு முதல் முறை, அவனுக்குக் கடைசி முறை. சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தோம்.

"தேற்றத்தை நிரூபிக்கச் சொல்லலடா. பயன்படுத்தத்தான் சொல்றாங்க."

"அது இங்க பொருந்துமான்னு பாக்க வேண்டாமாக்கா?"

"பொருந்தும்னு வெச்சுக்கோயேன்!"

"எதை வெச்சு வெச்சுக்கறது?"

பென்சிலை அவன்மேல் எறிந்தேன். அவன் அதைப் பொறுக்கி, கூர் சீவித் திருப்பிக் கொடுத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "டேய், உனக்குப் புண்ணியமாப் போகும். 'எனக் கொள்க'ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போடா. அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றேன். பார்க்கிறேன் என்றான். சத்தியம் பண்ணச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியாததற்குச் சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டான்.

மேட்ரிக்ஸ் தாளில் நான்கே கேள்விகள். முதல் கேள்வியில் ஒரு மேட்ரிக்ஸ். அதன் ஐகன் மதிப்புகள், அதாவது அதன் குணத்தைச் சொல்லும் எண்கள், எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே, ஆகவே இந்த முறையில் கணக்குப் போட்டால் விடை வந்து சேரும் என்று நிறுவ வேண்டும். நான் 'எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே எனக் கொள்க' என்று தொடங்கி, மளமளவென்று எழுதி முடித்து, இரண்டாவதுக்குப் பாய்ந்தேன். மூன்றாவதில் அவசரத்தில் எங்கோ கோட்டை விட்டேன். நான்காவதில் தடுமாறி நிமிர்ந்தபோது, முன் வரிசையில் தம்பி தெரிந்தான். பேனா மேசைமேல் இருந்தது. அவன் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது.

முடிவு வந்த அன்று துறைத் தலைவி அவனைக் கூப்பிட்டனுப்பினார். கூப்பிடாமலே நானும் போனேன். அவர் அறைக் கரும்பலகையில் தம்பியின் விடை முழுக்க எழுதப்பட்டிருந்தது.

"கேள்வித்தாள் தயாரிச்சது நான்தான்," என்றார் அவர். "ஒரு கழித்தல் குறி விட்டுப்போச்சு. தேர்வுக் குழுவுல எல்லாரும் பார்த்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படல. அது இல்லாம அந்த மேட்ரிக்ஸுக்கு ஒரு ஐகன் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிடுது. உங்க தம்பி ஒருத்தர்தான் அதைக் கண்டுபிடிச்சார். எவ்வளவு அழகா நிரூபிச்சிருக்கார், பாருங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ இவன் பாஸ்தானே மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டுட்டோம். இவருக்கும்தான். ஆனா கடைசி ரெண்டு கேள்வியை இவர் தொடவே இல்லையேம்மா."

"தப்பு பண்ணினது நீங்க, வெளியில போறது இவனா? எந்த ஊர் நியாயம் மேடம் இது?" வெளி வராந்தாவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குழுவுல எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரெண்டு வாய்ப்புக்கு மேல விதியில இடமில்லைன்னுட்டாங்க," என்றவர், தம்பியிடம் திரும்பினார். "கேள்வியில தப்பு இருக்கற மாதிரித் தெரியுதுன்னு கையைத் தூக்கியிருக்கலாமேப்பா? அங்கேயே திருத்திக் குடுத்திருப்போமே."

"நிரூபிக்காம எப்படி மேடம் தப்புன்னு சொல்றது?" என்றான் பிராணி. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கதவருகே வந்ததும் என்னை மட்டும் நிறுத்தி, மெல்லச் சொன்னார். "நீங்க தேறிட்டீங்க. முதல் கேள்வி மதிப்பெண்தான் உங்களைத் தூக்கிவிட்டுச்சு. இல்லேன்னா கஷ்டம்."

பொய்யான ஒன்றை உண்மை எனக் கொண்டு நான் எழுதிய அந்தக் குப்பைக்கு முழு மதிப்பெண். அதை எனக்கு வாங்கித் தந்தவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான், கையில் அவனுடைய விடைத்தாளின் நகலோடு.

"நீ பாஸாக்கா?" என்று படியிறங்கும்போது கேட்டான்.

தலையை ஆட்டினேன்.

"நல்லவேளை," என்றான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அவன் கொஞ்சம் வயிறெரிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். மேசைமேல் என் புத்தகங்கள் அப்படியே கிடந்தன, அவன் தன்னுடையதை ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்கடா, ரிசல்ட்டு வந்துடுச்சா? அப்பா காலையிலேர்ந்து நச்சரிக்கறார்."

"அக்கா பாஸும்மா," என்றான் தம்பி.

"அவ கெடக்கட்டும், வாயாடி. நீ என்னடா ஆனே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லட்டுமா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று கையமர்த்தினான். அட்டைப்பெட்டியின் மூடியை மூடித் திறந்து, மறுபடி மூடினான்.

"நானும் பாஸ்னு வெச்சுக்கோம்மா."

எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன் இந்த வார்த்தைக்கு. அம்மா கலகலவென்று சிரித்தாள். பிள்ளைக்குக் கிண்டல்கூட வருகிறதே என்று நினைத்திருப்பாள்.

"சரிடா, வெச்சுக்கிட்டேன். இரு, அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."